ரங்கூன் வீடு (குடும்பக் குழு)

செவ்வாய், சாயங்காலம்

தேவி: ஒரு அவசரம். ஞாயித்துக்கிழமை கோயில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைங்க ஆளுக்கு ஒண்ணு செஞ்சு கொண்டாரணுமாம். கைவேலையோ சயின்சோ எதுவானாலும் சரி, ஆனா பக்கத்துல நின்னு தமிழ்ல விளக்கணும். டீச்சர் சொல்லி ஒரு வாரம் ஆச்சாம். கதிர் இன்னைக்குத்தான் வாயத் திறக்கிறான்

மாலா: திஞ்சான் திருவிழாத் தண்ணில எல்லாம் கரைஞ்சு போயிருக்கும் 😄

தேவி: காசு செலவில்லாம, கரண்ட் இல்லாம செய்யற மாதிரி சொல்லுங்க. எங்க பக்கம் கரண்ட் வர்றதே நடுராத்திரிக்கு

பிரபு: எரிமலை

மாலா: போன வருஷம் மூணு எரிமலை. ஒண்ணு என் மகளோடது. சோடா மாவும் வினிகரும் பொங்கி என் புடவைல விழுந்துச்சு

பிரபு: உங்க ஊரு போப்பா மலைன்னு எழுதி ஒட்டுங்கக்கா, நாலாவதும் புதுசாத் தெரியும்

குமார்: ஓகே

தேவி: என்ன ஓகே? நீங்களா செய்யப் போறீங்க?

மாலா: எலுமிச்சம்பழத்துல லைட் எரியுமே, அது?

பிரபு: ஒரு பழத்துல எரியாது. அப்பா எங்க வீட்ல செஞ்சு காட்டிருக்காரு. ஒரு பழம் ஒரு வோல்ட் கூடத் தராது. சின்ன சிவப்பு எல்ஈடிக்கே மூணு நாலு பழத்த வரிசையாக் கோக்கணும், ஒவ்வொண்ணுலயும் துத்தநாகம் பூசின ஆணி ஒண்ணு, செம்புக் கம்பி ஒண்ணு. டார்ச் பல்பு மாட்டினா சுத்தமா எரியாது

மாலா: எலுமிச்சை விக்கிற விலைக்கு நாலு பழமா. வேண்டாம்

ராஜம் அத்தை: (குரல் செய்தி 0:48)

செல்வம்: மாந்தலேல நெட் இல்லம்மா, குரல் இறங்கல. யாராச்சும் எழுதிப் போடுங்க

தேவி: அத்தை சொல்றாங்க: "ஆலாத்தி கரைச்சுக் கொண்டு போகச் சொல்லு. மஞ்சத்தண்ணில துளி சுண்ணாம்பு போட்டா ரத்தமாச் செவக்குது. இதுக்கு மேல என்னடி சயின்சு. பாட்டி காலத்துல இருந்து செஞ்சுக்கிட்டுத்தான இருக்கோம்"

மாலா: அட. ஆமால்ல

நடராஜன் சித்தப்பா: அக்கா சொன்னது முற்றிலும் சரி. மஞ்சளில் குர்குமின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு, சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சின்னவள் யமுனாவுக்கு இப்படிச் செய்யலாம்: வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் நனைத்துக் காய வைக்கவும். பிறகு துணி சோப்பைத் தண்ணீரில் கரைத்து, குச்சியில் பஞ்சு சுற்றி அதில் தொட்டு எழுதட்டும். எழுத்து சிவப்பாக எழும். முகம் கழுவும் திரவ சோப்பு வேண்டாம், சிலவற்றில் காரம் இருக்காது, பிள்ளை ஏமாந்து போகும். கைவேலையும் ஆயிற்று, அறிவியலும் ஆயிற்று.

தேவி: சூப்பர் சித்தப்பா. யமுனா தமிழ்ல தன் பேர எழுதிடுவா. "மு"வுக்கு அந்த வளைவ மட்டும் எப்பவும் மறப்பா

பிரபு: யமனான்னு வரும்

மாலா: வாயக் கழுவு

தேவி: கதிருக்குத்தான் ஒண்ணும் அமையல. ஆறாவது போகப் போறான், மஞ்சத் தாள்லாம் சின்னப் பிள்ளை வேலையாம்

நடராஜன் சித்தப்பா: கதிருக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

பிரபு: எல்லாரும் சாப்ட்டு வந்துருங்க

நடராஜன் சித்தப்பா: வரும் வெள்ளி 24ஆம் தேதி சென்னையில் நிழலில்லா நாள். நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட குச்சிக்கு நிழலே விழாது. ரங்கூன் நமக்கு வடக்கே இருப்பதால் அங்கு அது மே முதல் வாரத்தில்தான். மாந்தலேயில் மே கடைசி. ஆக, 24ஆம் தேதி நண்பகலில் சரியாக ஒரு மீட்டர் குச்சியை மூன்று ஊரிலும் நட்டால் எங்களுக்கு நிழல் இருக்காது, உங்களுக்கு ஏறத்தாழ 7 செ.மீ., செல்வத்துக்கு 16 செ.மீ. இருக்கும். பூமி உருண்டை என்பதால்தான் இந்த வித்தியாசம். இதை வைத்தே எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ரங்கூனும் மாந்தலேயும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், நேர் தெற்கு வடக்காக இருக்கின்றன. அவருக்குக்கூட இவ்வளவு நல்ல ஜோடி அமையவில்லை.

குமார்: 👍

மாலா: சித்தப்பா, அவனுக்குக் கோணமானி பிடிக்கவே தெரியாதே

நடராஜன் சித்தப்பா: தேவையில்லை அம்மா. வகுத்தல் தெரிந்தால் போதும். இரண்டு நிழலுக்கும் வித்தியாசம் 9 செ.மீ., அதாவது 0.09 மீட்டர். குச்சி ஒரு மீட்டர். இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை 0.09ஆல் வகுத்தால் பூமியின் ஆரம் வந்துவிடும். கோணம் சின்னது என்பதால் இந்தக் குறுக்கு வழி செல்லும்.

குமார்: ரயில்ல 620 கிமீ. 620ஐ வகுத்தா 6,889

நடராஜன் சித்தப்பா: மாப்பிள்ளை, ரயில் வளைந்து வளைந்து போகும். நமக்கு வேண்டியது நேர்கோட்டுத் தூரம், சுமார் 570 கிமீ. வகுத்தால் 6,333. உண்மை ஆரம் 6,371. துடைப்பக் குச்சியில் இவ்வளவு கிட்டத்தில் வருவது போதாதா?

செல்வம்: இப்பத்தான் எல்லாம் மொத்தமா வந்து விழுது. மாமா, வெள்ளிக்கிழமை நான் மலை மேல பின்னூலின்ல லோடு எறக்கறேன். மீனாவ அளக்கச் சொல்றேன். ஆனா மொட்டை மாடிக்கு யாரும் போறதில்ல. போன வருஷம் மார்ச் 28 நிலநடுக்கத்துல வெடிச்ச கைப்பிடிச் சுவர் இன்னும் அப்படியே தொங்குது

தேவி: ஐயோ அத்தான், மாடி வேண்டாம். தெருவுலயே அளக்கட்டும்

நடராஜன் சித்தப்பா: தெருதான் நல்லது, தரை மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவே. குச்சி நேராக நிற்கிறதா என்று நூலில் ஒரு போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல். இன்னொன்று, கடிகாரத்தை நம்ப வேண்டாம். உங்களுக்கு உச்சி 12 மணிக்குச் சற்றுப் பின்னால் வரும். 11.50லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் புள்ளி வைத்து, எது மிகச் சிறியதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். நுனி மங்கலாகத்தான் தெரியும். ஒரு செ.மீ. தவறினால் ஆரம் எழுநூறு கிமீ போல மாறிவிடும்.

மாலா: எழுநூறா!

ராஜம் அத்தை: (குரல் செய்தி 1:15)

தேவி: அத்தை: "நடராசு, உச்சி வெயில்ல பிள்ளைகள நிக்க வைக்காத. மாந்தலே வெயில் உனக்கு எங்க தெரியும். நாப்பது டிகிரி. மீனாவுக்குத் தலைல துண்டக் கட்டி, மூஞ்சில தனக்காக் கட்டைய அரைச்சுப் பூசி அனுப்பு செல்வம். நீ பின்னூலின்ல குளுகுளுன்னு இருப்ப"

செல்வம்: லோடு எறக்கறவனுக்கு எங்கம்மா குளுகுளு

நடராஜன் சித்தப்பா: அக்கா, ஒரு நிமிட வேலைதான், நிழலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். பேச்சோடு பேச்சாக ஒன்று. ஆவணியில் பிரபுவுக்குத் தேதி குறித்தாயிற்று. அம்மாவின் தோடு பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே.

பிரபு: அப்பா, இது குழு

மாலா: ஆரம்பிச்சாச்சு

ராஜம் அத்தை: (குரல் செய்தி 2:31)

தேவி: முழுசா எழுத மாட்டேன். சுருக்கம்: 1965ல நகைய வெளிய கொண்டுபோக விடலன்னு தோட்ட இங்க விட்டுட்டு எல்லாரும் கப்பல் ஏறினாங்க. அப்பாவும் அத்தையும்தான் பாட்டிக்காக நின்னாங்க. அத்தைக்கு அப்ப பதினாலு வயசு. "இத்தன வருஷம் தோட்டுக்கு இருந்த ஞாபகம் எனக்கு இல்ல"ன்னு சொல்றாங்க

நடராஜன் சித்தப்பா: எனக்கு அப்போது எட்டு வயது, அக்கா. என்னை யார் கேட்டார்கள்?

செல்வம்: மாமா, அம்மா, ரெண்டு பேரும் போன்ல பேசிக்கங்க. பிரபு, உன் கடைல இன்னும் அத்தோ நூடுல்ஸ முட்டையோடதான் விக்கிறியா?

பிரபு: மசாலா முட்டை இல்லாட்டி பீச் ஸ்டேஷன்ல ஒருத்தன் நிக்க மாட்டான் அத்தான்

மாலா: இங்க யாரும் அப்படித் திங்கறதில்ல, பர்மா பர்மான்னு போர்டு மட்டும் பெருசா

பிரபு: ரங்கூன் ஆளுங்க வந்து சாப்ட்டுட்டுச் சொல்லட்டும்

செல்வம்: மாந்தலே மீஷே நூடுல்ஸ் முன்னால ரெண்டுமே நிக்காது

தேவி: பிள்ளை விஷயத்துக்கு வாங்கப்பா

புதன், காலை

தேவி: கதிர் ஒரு கேள்வி கேக்கறான். வெள்ளிக்கிழமை மேகமா இருந்தா?

நடராஜன் சித்தப்பா: நல்ல கேள்வி! வியாழனோ சனியோ அளந்தாலும் கணக்கு வரும். ஆனால் இரண்டு ஊரிலும் ஒரே நாளாக இருக்க வேண்டும், சூரியன் நாளுக்கு நாள் நகர்கிறதே. சென்னை நிழல் சும்மா வேடிக்கைக்குத்தான், கணக்குக்கு நாங்கள் தேவையே இல்லை.

மாலா: அது உண்மைதான் சித்தப்பா 😄

ராஜம் அத்தை: (குரல் செய்தி 0:09)

செல்வம்: இது இறங்கிடுச்சு. "அவன் அளக்கட்டும், அவனும் ஒரு குச்சி நடட்டும்"ங்கறாங்க

நடராஜன் சித்தப்பா: நடுகிறேன் அக்கா.

பிரபு: தோடு?

மாலா: டேய்

தேவி: யமுனாவுக்கு மஞ்சத் தாள் முடிவு. கதிருக்குக் குச்சின்னு வச்சுக்குவோம், மீனா அளந்தா. இல்லன்னா எரிமலைதான்

செல்வம்: மீனா அளப்பா. அவளுக்கும் என்னமோ கொடுக்கணுமாம், என்னன்னு கேட்டா சிரிக்கிறா

குமார்: ஒரு மீட்டருக்கு நேரான குச்சி வீட்ல ஒட்டடைக் கம்பு மட்டும்தான் இருக்கு. வெட்டவா?

தேவி: அது அத்தை கம்பு. கேட்டுட்டு வெட்டுங்க

குமார்: நீ கேளேன்

ராஜம் அத்தை: (குரல் செய்தி 0:22)

தேவி: வெட்டக் கூடாதாம். ஒரு மீட்டர்ல கோடு போட்டு, மிச்சத்த மண்ணுக்குள்ள நடச் சொல்றாங்க