புதுப்பிப்பு: ஜோர்க்கி-4 சரியாகிவிட்டது

என் பழைய சோவியத் ஃபிலிம் கேமரா ஜோர்க்கி-4-இன் ரேஞ்ச்ஃபைண்டரில் (இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி ஃபோகஸ் செய்யும் அமைப்பு) இரண்டாவது பிம்பம் சற்று மேலே ஏறி நிற்கிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. மேல்மூடியைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை. முன்பக்கத்துச் சிறிய வட்டச் சன்னலின் வளையத்தைத் திருகி எடுத்தால் உள்ளே ஆப்பு வடிவக் கண்ணாடி. அதை மயிரிழை திருப்பினாலே பிம்பம் இறங்குகிறது. பக்கவாட்டிலும் கொஞ்சம் நகரும், அதனால் உயரத்தை முதலில் முடித்துவிடுங்கள். அப்புறம் லென்ஸை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான ஃபோகஸில்) வைத்து, தொலைவிலுள்ள ஒரு குறியைப் பார்த்தபடி, சன்னலுக்கு அருகிலுள்ள மூடித்திருகைக் கழற்றி உள்திருகால் பக்கவாட்டைச் சரிசெய்யலாம். ரங்கூனில் இதற்கு ஷ்வேடகோன் பகோடாவின் உச்சியை விட நல்ல குறி கிடையாது. கேமராவுக்குள் ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து 1 மீட்டர் தூரத்தை டேப்பால் அளந்தும் பார்த்தேன், பொருந்துகிறது. லென்ஸில் மழைக்காலப் பூஞ்சை இருக்கிறது, அடுத்து அதைத்தான் கவனிக்க வேண்டும்.