ஃப்ளஷ் டேங்க் நிரம்ப 12 நிமிஷம் ஆகுது, பிரஷர் பம்ப் போடணுமா?

மாடிவீடு:
வணக்கம். தாம்பரம் பக்கம் சொந்த வீடு, கீழே ஒரு பாத்ரூம், மாடியில ஒண்ணு. மாடி வெஸ்டர்ன் டாய்லெட்ல 10 லிட்டர் பிளாஸ்டிக் ஃப்ளஷ் டேங்க். ஒரு தடவை அழுத்தினா மறுபடி நிரம்ப 12 நிமிஷம் ஆகுது. முன்னாடி மூணு நிமிஷத்துல நிரம்பிடும். காலையில இரண்டாவதா போற ஆள் வாளியோடதான் போகணும். கீழே பிரச்சினை இல்ல. போர் தண்ணி, உப்பு ஜாஸ்தி. போன மாசம்தான் ஓவர்ஹெட் டேங்க் கழுவினோம். வந்து பார்த்த பிளம்பர் "ஹைட் பத்தாது சார், பிரஷர் பம்ப் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். போடலாமா?

வேப்பமரம்:
நாங்க போட்டிருக்கோம். ஷவர் பிரமாதமா வருது. ராத்திரி யாராவது ஃப்ளஷ் பண்ணா பம்ப் சத்தத்துல வீடே முழிச்சுக்கும், அதையும் சொல்லிடறேன்.

குழாயடி:
பம்புக்கு அவசரப்படாதீங்க. மூணு நிமிஷத்துல நிரம்பின அதே டேங்க்தானே? ஹைட் போன மாசம் குறைஞ்சிடலையே. ஓவர்ஹெட் டேங்க் கழுவினப்புறம் வந்த வியாதின்னா முக்கால்வாசி அடைப்புதான். அடியில படிஞ்ச மண்ணு கலங்கி லைன்ல இறங்கியிருக்கும்.

ஹைட் கணக்கும் பார்த்துக்குங்க. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம். மாடி பாத்ரூமுக்கு மேல 8 அடியில டேங்க் இருந்தா கால் பார் கூட வராது. கீழே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல கிடைக்கும். அதனால கொஞ்சம் அடைச்சாலும் மாடியிலதான் முதல்ல தெரியும்.

முதல்ல அடைப்பு எங்கேன்னு பிரிச்சுப் பாருங்க. ஆங்கிள் காக்கை (ஃப்ளஷ் டேங்குக்குப் போற தண்ணியை மூடற, சுவத்துல இருக்கிற சின்ன வால்வு) மூடிட்டு, கனெக்‌ஷன் பைப்பை டேங்க் பக்கம் கழட்டி வாளிக்குள்ள விட்டு, காக்கை முழுசா திறங்க. தண்ணி நல்லா கொட்டினா கோளாறு டேங்குக்குள்ள. நூல் மாதிரி வந்தா காக், பைப், இல்ல மேல ஓவர்ஹெட் டேங்க் லைன்ல இருக்கிற கேட் வால்வு. கழட்டும்போது உள்பக்க நட்டு சேர்ந்து சுத்தாம ஒரு கையால பிடிச்சுக்குங்க, பிளாஸ்டிக் மரை சுலபமா விட்டுப்போகும்.

சேலத்துக்காரி:
இன்னொண்ணு. அடியில ரப்பர் ஒழுகினாலும் டேங்க் நிரம்ப நேரமாகும், வர்ற தண்ணி பாதி கோப்பைக்கே போயிடும். டேங்குல சொட்டு நீலம் நாலு சொட்டு விட்டு, ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. கோப்பையில நீலம் இறங்கினா ஒழுகுது.

மாடிவீடு:
நீலம் இறங்கல. பைப்பைக் கழட்டி விட்டதுல 10 லிட்டர் வாளி ஒரு நிமிஷத்துக்குள்ள நிரம்பிடுச்சு. அப்போ டேங்குக்குள்ளதான். அடுத்து என்ன?

குழாயடி:
பைப் மாட்டுற இடத்துல, ஃபில் வால்வோட (ஃப்ளஷ் டேங்குக்குள்ள தண்ணியை விடற வால்வு) வால் பகுதிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. விரல்நுனி சைஸுல தொப்பி மாதிரி ஒரு சல்லடை இருக்கும். மூக்கு பிளையரால மெதுவா இழுத்தா வந்துடும். எலுமிச்சை உப்பு கரைச்ச வெந்நீர்லயோ வினிகர்லயோ ஊறப்போட்டு பழைய டூத் பிரஷால தேய்ங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் மட்டும் வேண்டாம், ரப்பரையும் பித்தளையையும் கெடுத்துடும்.

மாடிவீடு:
கிடைச்சுது! சல்லடையில வெள்ளையா சுண்ணாம்பு ஓடு, உள்ளே மண்ணும் பிவிசி பைப் அறுத்த தூளும். ஒரு ஓட்டை கூட கண்ணுக்குத் தெரியல. எலுமிச்சை உப்புல போட்டதும் பொஸபொஸன்னு நுரை வந்துச்சு. கழுவி மாட்டினா இப்போ அஞ்சு நிமிஷம். பழைய மூணு இன்னும் வரல.

குழாயடி:
சல்லடையைத் தாண்டின தூள் வால்வு தலையில உக்காந்திருக்கும். காக்கை மூடி, தலையில இருக்கிற மூடியைத் திருகி எடுங்க (சில மாடல்ல கால் சுத்துதான்). உள்ளே இருக்கிற ரப்பர் டயாஃபிரம் (தண்ணியைத் திறந்து மூடற வட்டத் தகடு) எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு முதல்ல போட்டோ எடுத்துக்குங்க. அதைக் கழட்டிட்டு, திறந்த வாய்மேல ஒரு மக்கைக் கவிழ்த்துப் பிடிச்சு காக்கை லேசா திறங்க, தூள் வெளியே அடிச்சுடும். மக் இல்லாம திறந்தா சீலிங் நனையும்.

ரப்பர் விறைச்சுப் போயிருந்தா வால்வையே மாத்திடுங்க. வாங்கும்போது அட்டையில குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவுன்னு பாருங்க. அரை பார் கேட்கிற வால்வு உங்க மாடிக்கு ஆகாது.

மாடிவீடு:
மக் வைத்தியம் பலிச்சுது, மூணு நிமிஷத்துக்கு வந்தாச்சு. பம்ப் கேன்சல். ஆனா பைப் மாட்டின இடத்துல இப்போ சொட்டுச் சொட்டா கசியுது. டெஃப்லான் டேப் சுத்தி இன்னும் டைட் பண்ணட்டுமா?

சேலத்துக்காரி:
டைட் பண்ணாதீங்க! அந்த நட்டுக்குள்ள ரப்பர் வாஷர் இருக்கணும், அதுதான் தண்ணியைத் தடுக்குது, டேப் இல்ல. கழட்டும்போது கீழே விழுந்திருக்கும், வாளிக்குள்ள தேடுங்க.

மாடிவீடு:
வாளியிலேயே கிடந்துச்சு.