ஹாக்நெட்: ப்ராக்ஸியும் ஃபயர்வாலும் சேர்ந்திருக்கும் சர்வரில் ட்ரேஸ் முந்திவிடுகிறது, உதவி தேவை

கருந்திரை:
கட்டளை அடித்துச் சர்வர்களுக்குள் நுழையும் ஹாக்கிங் கேமான ஹாக்நெட்டில் ப்ராக்ஸி (போர்ட் உடைப்பதைத் தடுக்கும் அரண்), ஃபயர்வால் (விடைச்சொல் கேட்கும் இன்னொரு அரண்) இரண்டும் உள்ள சர்வர்கள் வர ஆரம்பித்ததிலிருந்து நகர முடியவில்லை. ப்ரோப் அடித்துச் சர்வரின் போர்ட்டுகளை, அதாவது உள்ளே போகும் வாசல்களை, பார்த்துவிட்டு, 22-ஆம் போர்ட்டை உடைக்க எஸ்எஸ்எச்கிராக் 22 கொடுத்தால் "ப்ராக்ஸி ஆக்டிவ்" என்று மறுக்கிறது. ஷெல் (ப்ராக்ஸியை வீழ்த்தும் புரோகிராம்) திறந்து ஓவர்லோட் அழுத்தினால் ப்ராக்ஸியின் பட்டை நத்தை வேகத்தில் இறங்குகிறது. அது முடிந்து ஒவ்வொரு போர்ட்டாக உடைத்து, பிறகு ஃபயர்வாலுக்கு அனலைஸ் அடிக்கும்போது ட்ரேஸ் (எதிராளி நம்மைக் கண்டுபிடிக்கும்வரை உள்ள) நேரம் தீர்ந்துவிடுகிறது. நடுவில் ரேம் போதவில்லை என்றும் வருகிறது. எந்த இடத்தில் நேரம் வீணாகிறது? இன்னொன்று, முடித்தவர்கள் சொல்லுங்கள்: கடைசிவரை ஆடத் தகுந்த கேம்தானா?

முனையம்22:
ப்ராக்ஸி மெதுவாக விழக் காரணம் ஒரே ஒரு ஷெல். ஒரு கணினியில் ஒரு ஷெல்தான் ஓடும், அதனால் ஏற்கெனவே அட்மின் உரிமை பெற்ற மூன்று நான்கு கணினிகளுக்கு வரிசையாகக் கனெக்ட் ஆகி, ஒவ்வொன்றிலும் ஷெல் என்று அடியுங்கள். உங்கள் சொந்தக் கணினியிலும் ஒன்று திறக்கலாம். அதன் பிறகே இலக்குக்குக் கனெக்ட் ஆகி எல்லா ஷெல்லிலும் ஓவர்லோட் அழுத்துங்கள். எண்ணிக்கை கூடினால் வேகமும் கூடும்.

ப்ராக்ஸி விழுந்ததும் அத்தனை ஷெல்லையும் மூடிவிடுங்கள். மொத்த ரேம் 761 எம்பிதான். ஷெல்கள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் உடைக்கும் புரோகிராம்களுக்கு இடம் இருக்காது. உங்களுக்கு வரும் ரேம் பிழை பெரும்பாலும் இதுதான். மூட மறந்தது எது என்று தெரியாவிட்டால் பிஎஸ் அடித்து, ஓடும் புரோகிராமின் எண்ணைப் பார்த்து, அதற்குக் கில் கொடுங்கள்.

ஆறாம்போர்ட்:
ஷெல் விஷயம் சரி, ஆனால் நேரம் அதிகம் போவது வரிசையில்தான். ஃபயர்வால் தடுப்பது போர்ட்ஹாக்கை (போர்ட்டுகள் திறந்தபின் அட்மின் உரிமை பெற்றுத்தரும் கடைசிப் புரோகிராமை) மட்டும். போர்ட் உடைப்பதை அது தடுக்காது. ஆகவே ஃபயர்வாலையும் போர்ட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யத் தேவையே இல்லை. ப்ராக்ஸி விழுந்ததும் எஸ்எஸ்எச்கிராக் 22, எஃப்டிபிபவுன்ஸ் 21 இரண்டையும் அடுத்தடுத்து ஓட விடுங்கள். அவை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது அனலைஸ் அடியுங்கள்.

அனலைஸ் திரையில் ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு எழுத்துதான் உண்மை. மீண்டும் மீண்டும் அடிக்க அடிக்கச் சுற்றியுள்ள குப்பை எழுத்துகள் பூஜ்யமாக மாறும். மிஞ்சும் எழுத்துகளை மேலிருந்து கீழாகப் படித்து, சால்வ் என்பதற்குப் பின்னால் அடிக்க வேண்டும்.

முக்கியமானது: அந்த விடை அந்தச் சர்வருக்கு மாறாது. ட்ரேஸ் முடியும் நிலை என்றால் விடையைத் தாளில் குறித்துக்கொண்டு டிஸ்கனெக்ட் செய்யுங்கள். துண்டித்தால் ட்ரேஸ் நின்றுவிடும். அடுத்த முறை அனலைஸே வேண்டாம், நேராகச் சால்வ்.

கருந்திரை:
பெரிய உதவி. ஷெல் நான்கு திறந்ததும் ப்ராக்ஸி சட்டென்று விழுந்தது, ஃபயர்வாலும் தாண்டியாயிற்று. இப்போது போர்ட்ஹாக் "திறந்த போர்ட்டுகள் போதாது" என்கிறது. இரண்டு போர்ட் திறந்திருக்கிறதே?

ஆறாம்போர்ட்:
ப்ரோப் திரையிலேயே எத்தனை போர்ட் தேவை என்று எழுதியிருக்கும். மூன்று என்றால் எஸ்எம்டிபிஓவர்ஃப்ளோ 25, அல்லது வெப்சர்வர்வார்ம் 80. தேவைக்கு மேல் ஒன்றுகூட உடைக்காதீர்கள், அது வெறும் நேர விரயம். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாக "இன்வயலபிலிட்டி" (உடைக்க முடியாது) என்று இருந்தால் முட்டி மோத வேண்டாம். கடவுச்சொல் வேறெங்காவது ஒரு மின்னஞ்சலிலோ கோப்பிலோ இருக்கும்.

முனையம்22:
ஒன்று சேர்க்கிறேன். நீங்கள் துண்டித்து வெளியே வந்ததும் சில சர்வர்களில் நிர்வாகி எல்லாப் போர்ட்டையும் மூடி ப்ராக்ஸியையும் திரும்ப எழுப்பிவிடுவார். அதனால் மறுபடி போகும்போது ஷெல்கள் தயாராக இருக்கட்டும். வேலை முடிந்து கிளம்புமுன் உங்கள் தடம் பதிவாகும் லாக் ஃபோல்டருக்குள் போய், எல்லாவற்றையும் அழிக்க ஆர்எம் இடைவெளி நட்சத்திரக்குறி அடியுங்கள். இதை விட்டால் சில இடங்களில் எதிராளி உங்கள் கணினிக்கே வந்துவிடுவார்.

பச்சைஎழுத்து:
கேம் பற்றிக் கேட்டதற்கு: தகும். 2015-இல் வந்த ஹாக்நெட், ஆஸ்திரேலியர் மாட் ட்ரோபியானி உருவாக்கியது. 2001-இன் அப்லிங்க் என்ற ஹாக்கிங் கேமோடு எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். அப்லிங்கில் பணம் சேர்த்துக் கருவி வாங்கும் தொழில் உண்டு. இங்கே கதைதான் இழுக்கிறது. பிட் என்ற இறந்துபோன ஹாக்கரின் மின்னஞ்சல்களைப் படிக்கப் படிக்க, வேற்றாளின் அந்தரங்கத்தைத் திறக்கிறோம் என்ற கூச்சம் வரும். பேஸ்மேக்கர் சம்பந்தப்பட்ட பணி ஒன்று வரும்போது அது உச்சம்.

ஆறாம்போர்ட்:
கதையில் உடன்படுகிறேன், புதிரில் இல்லை. எல்லாக் கருவியும் கைக்கு வந்தபின் ப்ரோப், உடை, போர்ட்ஹாக், நகலெடு, லாக் அழி என்ற ஒரே சுற்றுதான். இரண்டாம் முறை ஆட எதுவும் மிச்சமில்லை. 2017-இன் லாபிரிந்த்ஸ் விரிவாக்கம் அந்தக் குறையை நன்றாகவே சரிசெய்கிறது. அங்கே 443-ஆம் போர்ட்டை உடைக்க எஸ்எஸ்எல்ட்ரோஜன் 443 என்று மட்டும் அடித்தால் ஓடாது. முதலில் 22-ஐத் திறந்துவிட்டு, 443-க்குப் பின்னால் ஹைஃபன் எஸ், இடைவெளி, 22 என்று கொடுக்க வேண்டும். திறந்த வேறொரு போர்ட் வழியாகத்தான் அது உள்ளே நுழையும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது.

கருந்திரை:
எண்பதை உடைத்ததும் போர்ட்ஹாக் ஓடிவிட்டது, ட்ரேஸ் பட்டையில் கால்வாசி மீதம் இருந்தது. லாக் அழித்தாயிற்று.