உதவி: பகிரும் படங்களில் நிறம் வெளிறிப்போகிறது

நீலமை:
பிடித்த ஓவியங்கள், இசைத்தட்டு அட்டைகள், பழைய ஃபேஷன் பத்திரிகைப் பக்கங்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பகிர்ந்துவருகிறேன். அதில் சில படங்கள் மட்டும் ஏற்றியதும் வெளிறிப்போகின்றன. என் கணினியில் குங்குமச் சிவப்பாக இருக்கும் அட்டை, ஏற்றிய பிறகு செங்கல்பொடி நிறத்தில் தெரிகிறது. ஸ்கேன் செய்த படங்கள்தான் பெரும்பாலும் மாட்டுகின்றன. நிறத்தின் அடர்த்தியை, அதாவது சாச்சுரேஷனைக் கூட்டி ஏற்றினால் ஒரு தளத்தில் சரியாக வருகிறது, இன்னொன்றில் கண்ணைக் குத்துகிறது. என்ன செய்யலாம்?

ஓரத்துக்குறிப்பு:
சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். ஸ்கேன் கோப்பில் என்ன கலர் ப்ரொஃபைல் இருக்கிறது?

நீலமை:
ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் திறந்தால், 'அடோபி ஆர்ஜிபி 1998' பதிந்திருக்கிறது, அப்படியே வைக்கவா மாற்றவா என்று கேட்கிறது. நான் எப்போதும் 'வைத்துக்கொள்' கொடுத்துவிடுவேன்.

ஓரத்துக்குறிப்பு:
அப்போ விஷயம் அதுதான். கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எண் எவ்வளவு அடர்ந்த சிவப்பு என்று சொல்வது ப்ரொஃபைல். கோப்பின் அளவைக் குறைக்கும்போது சில தளங்கள் அந்த ப்ரொஃபைலையும் கழற்றிவிடுகின்றன. ப்ரொஃபைல் இல்லாத படத்தை உலாவிகள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்வைத்த அந்த நிறவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, அடோபி ஆர்ஜிபியைவிடச் சிறியது. அதே எண் அங்கே அடர்த்தி குறைந்த நிறத்தைத்தான் குறிக்கும், அதனால்தான் வெளிறல். ப்ரொஃபைலைக் கழற்றாத தளத்தில் நீங்கள் கூட்டிய சாச்சுரேஷன் அப்படியே தெரியும், கண்ணைக் குத்தும்.

ஜிம்ப்பில் இமேஜ், கலர் மேனேஜ்மென்ட், 'கன்வர்ட் டு கலர் ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபி கொடுங்கள். பக்கத்திலேயே 'அசைன்' என்று ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். அது எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், வெளிறல் உங்கள் கணினியிலேயே வந்துவிடும்.

தாளம்தப்பி:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஃபோன்களில் எடுக்கும் படம் டிஸ்ப்ளே பி3 நிறவெளியில் பதிவாகும். அதிலும் இதே கதைதான், ஆனால் வெளிறல் லேசாக இருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

நீலமை:
கன்வர்ட் செய்து ஏற்றினேன், சிவப்பு திரும்பிவிட்டது, நன்றி! ஆனால் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து உள்ள ஓர் அட்டையில் எழுத்தின் விளிம்பு மட்டும் கசிந்தாற்போல இருக்கிறது.

ஓரத்துக்குறிப்பு:
அது ப்ரொஃபைல் இல்லை, ஜேபெக் சுருக்கம். கண்ணுக்கு நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாடு நன்றாகத் தெரியும் என்பதால், பெரும்பாலான ஜேபெக்குகளில் நிறத் தகவலை இரண்டு திசையிலும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். புகைப்படத்தில் தெரியாது, சிவப்பு எழுத்தில் பட்டென்று தெரியும். ஏற்றுமதியில் சப்சாம்ப்ளிங்கை (இந்த நிறக் குறைப்பை) 4:4:4, அதாவது குறைப்பே இல்லாதபடி ஆக்கிப் பாருங்கள். தளம் மறுபடி சுருக்கினால் அதுவும் வீண்தான். படத்தை அந்தத் தளம் காட்டும் அகலத்துக்கு நீங்களே குறைத்து, தகவலை இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜியாக ஏற்றுவது கொஞ்சம் உதவும்.

தாளம்தப்பி:
ஓவியம் என்றால் ஸ்கேனே தேவைப்படாமல் போகலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் சிசி0 உரிமத்தில் தருகிறது. ஜப்பானியக் கலைஞர் ஹொகுசாயின் பேரலை அச்சோவியம்கூட அங்கே பெரிய அளவில் கிடைக்கும். அப்புறம், ஓவியர் பெயரைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். கோப்புக்குள் பதிந்த பெயரையும் பல தளங்கள் கழற்றிவிடும்.