மீடியா லிட்டரசி பேராசிரியர் வேலை: நம்பி இறங்கலாமா?

கேட்டவர்: ஆறுமாத_முனைவர்

இதழியலில் பிஎச்டி முடித்து ஆறு மாதம் ஆகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் ஊடகக் கல்வியறிவுப் பாடம் (மீடியா லிட்டரசி: செய்தி, விளம்பரம், வீடியோ எதையும் எடைபோட்டுப் பார்க்கச் சொல்லித்தருவது) எடுக்கக் கூப்பிடுகிறார்கள். "இதழியல்காரர்கள் உன்னை டீச்சர் என்பார்கள், டீச்சர்கள் உன்னை இதழியல்காரி என்பார்கள்" என்று என் கைடு பயமுறுத்துகிறார். இதில் காலம் தள்ளியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய_பேராசிரியை

27 வருடம் இதே வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். உங்கள் கைடு சொல்வது நிஜம்தான். பதவி உயர்வு நேர்காணலில் ஒருவர், "பேப்பர் படிக்கச் சொல்லித்தர ஒரு பேராசிரியரா?" என்று என்னிடமே கேட்டார். 1982-இல் ஜெர்மனியின் கிரூன்வால்ட் நகரில் யுனெஸ்கோ கூட்டத்தில் 19 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, மழலையர் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஊடகக் கல்வி வேண்டும் என்று அறிக்கை விட்டதை எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். பதவி உயர்வு அடுத்த தடவைதான் வந்தது.

நீங்கள் பயப்பட வேண்டியது அதற்கல்ல. பல வருடம் நான் பாடத்தையே தப்பாக நடத்தினேன். விளம்பரமோ தலைப்போ புகைப்படமோ, எது கிடைத்தாலும் "சொன்னது யார், எதற்காக, யாருக்கு லாபம்" என்று கிழித்துத் தொங்கவிடுவோம். வகுப்பு களைகட்டும். ஒரு தேர்வில் மூன்று மூலங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னேன்: ஒரு மருத்துவ ஆய்விதழ்க் கட்டுரை, ஓர் அரசு அறிக்கை, முகம் தெரியாத யாரோ போட்ட வீடியோ. ஒரு மாணவன் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட்டு, "எல்லாருக்கும் ஏதோ ஒரு நோக்கம் இருக்கிறது" என்று காரணம் எழுதியிருந்தான். நான் நடத்திய பாடம், வரி பிசகாமல்! அந்த விடைத்தாளைத் திருத்த முடியாமல் தனியே எடுத்து வைத்தேன்.

பழங்கதை தேடிப் போனபோது, பிரசாரத்தை அடையாளம் காணக் கற்றுத்தர 1937-இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரசார ஆய்வுக் கழகத்தின் மேலும் இதே புகார் இருந்தது தெரிந்தது: பிள்ளைகளை எதையுமே நம்பாதவர்களாக்குகிறது என்று. 1942-இல் அதை மூடிவிட்டார்கள். போர்க்காலம், வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்தப் புகார் எனக்குச் சுருக்கென்றது.

வழி காட்டியது அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. 10 வரலாற்று அறிஞர்கள், 10 செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் என்று மூன்று தரப்பிடமும் இணையப் பக்கங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். படித்தவர்களே லோகோவையும் டொமைன் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவே இல்லை. சட்டென்று வேறு டேப்களைத் திறந்து, இதை நடத்துகிற ஆளைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற மாதிரி. அதன்பின் என் கேள்வித்தாளில் "இதில் என்ன தப்பு?" போய், "இதை எவ்வளவு நம்பலாம், எந்தத் தைரியத்தில்?" என்று வந்தது. பிள்ளைகள் திணறினார்கள். சந்தேகப்படுவது சுலபம், ஒரு பக்கம் நிற்கச் சொன்னால்தான் வியர்க்கும்.

எட்டாம்வகுப்பு_சார்

அம்மா சொல்வது எல்லாம் சரி. எனக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். செக்லிஸ்ட் கொடுத்தால் பசங்க வாசிக்காமலே டிக் போட்டு நீட்டுகிறார்கள்.

பழைய_பேராசிரியை

செக்லிஸ்ட்டைத் தூக்கிப் போடுங்கள் சார். ஒரே ஒரு செய்தி, பத்து நிமிடம், பக்கத்தை விட்டு வெளியே போய் விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அது போதும்.

ஆறுமாத_முனைவர்

நன்றி மேடம். வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பழைய_பேராசிரியை

ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு உங்கள் பாடம் கட்டாயமா, விருப்பப் பாடமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் ஏற்கெனவே விழிப்பானவர்கள் மட்டுமே வருவார்கள். அப்புறம், பொய்ச்செய்தி பற்றி மேடையில் பேச வாரத்துக்கு ஒருவர் கூப்பிடுவார். எல்லாவற்றுக்கும் போனால் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத நேரமிருக்காது.

ஆறுமாத_முனைவர்

கடைசியாக ஒன்று. அந்தப் பையனுக்கு எவ்வளவு போட்டீர்கள்?

பழைய_பேராசிரியை

முழு மதிப்பெண்தான். என் விடைக்குறிப்புப்படி அவன் எழுதியது சரி. அடுத்த செமஸ்டர் விடைக்குறிப்பை மாற்றினேன்.