மீட்டர் முள் எல்லாம் துடிக்குது, பேட்டரி விளக்கு மங்கலா எரியுது

கேள்வி: என் கார்ல இது, பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசல்ல மழைநேரம் ஹெட்லைட், வைப்பர், ஏசி மூணும் ஓடும்போதுதான் வருது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில பழைய கிளஸ்டர் (மீட்டர் எல்லாம் சேர்ந்த டேஷ்போர்டு பெட்டி) வாங்கி மாத்தலாமா?

பதில் 1: வேண்டாங்க. எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினா கோளாறு பெரும்பாலும் கரண்ட் சப்ளையிலயோ எர்த்துலயோ (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற பாதை) தான். பேட்டரியில மல்டிமீட்டர் வையுங்க: இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட், ஓடும்போது 13.8–14.4 இருக்கணும். லோடுல (லைட், வைப்பர், ஏசி எல்லாம் போட்டு) 13-க்குக் கீழ இறங்கினா பெல்ட், ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) கார்பன் பிரஷ் பாருங்க.

பதில் 2: வோல்டேஜ் சரின்னா, பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல அளங்க. இன்ஜின் ஓட, லோடோட 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் ஒயர் சரியில்லை. போல்ட்டடியில பச்சை பூத்திருக்கும். உப்புத்தாள்ல தேய்ச்சு இறுக்குங்க.

பதில் 3: பழைய கிளஸ்டர்ல ஓடோமீட்டர் கணக்கு வேற, சில கார்ல இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) அதுலயே இருக்கும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.