புதுப்பிப்பு: டிராவல் நர்ஸ் வேலைக்கு 14 மாத அனுபவம் போதுமா?
இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன்: சொந்த ஊர் மண்டபம், ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 14 மாத அனுபவம், அமெரிக்காவில் டிராவல் நர்ஸாக, அதாவது சில வார ஒப்பந்தத்தில் ஆஸ்பத்திரி மாறி மாறி வேலை செய்யும் நர்ஸாக, போக இது போதுமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

போதாது. "மொத்த மாசத்தை எண்ணாதம்மா, ஒரே வார்டுல எவ்வளவு காலம்னு பாரு" என்று கீழக்கரை அக்கா ஒருவர் எழுதினாரே, அதுதான் சரி. என் 14 மாதத்தில் ஐசியூ வெறும் 5. ஏஜென்சிகள் பொதுவாக ஒரே பிரிவில் 1 முதல் 2 வருடம் கேட்கிறார்கள். ஒப்பந்தமே பெரும்பாலும் 13 வாரம், பழக்கிவிட ஓரிரு ஷிஃப்ட்தான், வென்டிலேட்டர் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று அங்கே போய்த் தடுமாறினால் யார் நின்று சொல்லித் தருவார்கள்? ஐசியூவிலேயே இருந்து 2 வருடத்தை முடித்தேன்.

எதிர்பாராதது: அனுபவச் சான்றிதழில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்று மட்டும் இருந்தது, ஐசியூ என்ற சொல்லே இல்லை. நைட் ட்யூட்டி முடிந்ததும் மண்டபம் பஸ்ஸை விட்டுவிட்டு அலுவலக வாசலில் காத்துக் கிடந்து, மூன்று வாரம் கழித்துத்தான் திருத்தி வாங்கினேன். அப்புறம், இங்கிருந்து நேரே 13 வார வேலைக்குப் போவது வழக்கமில்லை. என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வு) தேறி, இபி-3 விசாவில் (நிரந்தர வேலைக்கான குடியேற்ற விசா) போய், முதலில் ஒரே இடத்தில் பெரும்பாலும் 2, 3 வருடம். டிராவல் எல்லாம் அதற்குப் பிறகு. என்கிளெக்ஸ் முடிந்தது, விசா வரிசையில் நிற்கிறேன்.